காலுக்கு அடியில கடகட: பழைய வண்டி கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், நான் திருச்சி. அப்பா வச்சிருந்த 1984 பிரீமியர் பத்மினிய ரெண்டு வருஷமா மெதுவா ரெடி பண்ணிட்டு இருக்கேன். எஞ்சின், பிரேக் எல்லாம் முடிஞ்சுது, இப்ப ஆக்சிலேட்டர் பெடல்தான் தலைவலி. மிதிச்சா மொத ஒரு இன்ச்சுக்கு எதுவுமே நடக்கல, அப்புறம் டக்குனு வண்டி பாயுது. கையால பிடிச்சு ஆட்டினா பக்கவாட்டுல கடகடன்னு ஆடுது. மொத்த செட்டையும் மாத்திடுங்கன்னு மெக்கானிக் சொன்னார்னு சென்னை புதுப்பேட்டைக்கு ரெண்டு தடவ போய் ஒரு செட் தேடி வாங்கிட்டு வந்தேன், அதுவும் இதே மாதிரிதான் ஆடுது. என்ன பண்றது?

பதில்: தம்பி, பெடல் தேஞ்சு போச்சுன்னு சும்மா பேச்சுக்கு சொல்றோமே தவிர அந்த இரும்பு பெடல் தேயறதெல்லாம் ரொம்ப அபூர்வம், தேயறது அது மாட்டியிருக்கற பின்னும், பின் உக்காந்திருக்கற ஓட்டையும், அங்கேர்ந்து கார்புரேட்டர் வரைக்கும் போற ராடுல இருக்கற ஒவ்வொரு ஜாயின்ட்டும்தான். புதுப்பேட்டையில வாங்கினதும் ஆடுதுங்கறதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல, அதுவும் இன்னொரு பத்மினியில வருஷக்கணக்கா மிதி வாங்கின சாமான்தானே. மும்பையில பத்மினி டாக்ஸி ஓடின வரைக்கும் ஸ்பேருக்கு ஒரு ஓட்டம் இருந்துச்சு, 2023 அக்டோபரோட அங்க கடைசி பத்மினி டாக்ஸியும் நின்னு போச்சு, இனிமே புது சாமான் வரும்னு காத்திருக்கறது வீண். இருக்கறத சரி பண்ணிக்கறதுதான் வழி, அது ஒண்ணும் பெரிய வித்தையும் இல்ல.

மொதல்ல ஆட்டம் எங்க இருக்குன்னு பாருங்க. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு வீட்ல யாரையாவது சீட்ல உக்கார வச்சு பெடல மெதுவா, ரொம்ப மெதுவா மிதிக்கச் சொல்லுங்க, நீங்க பானெட்ட தூக்கிட்டு கார்புரேட்டர் பக்கத்துல இருக்கற லிவர பாத்துட்டே இருங்க. பெடல் நகர்ந்து லிவர் நகரலன்னா நடுவுல இருக்கற ஜாயின்ட் ஒவ்வொண்ணா விரல வைங்க, எந்த ஜாயின்ட்டுல ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் சும்மா இருக்குன்னு விரலுக்கே தெரியும், கண்ணுக்கு கூட தெரியாது. அப்புறம் முழுசா மிதிச்சு பிடிக்கச் சொல்லிட்டு அந்த லிவர உங்க கையால இன்னும் தள்ளிப் பாருங்க, இன்னும் கொஞ்சம் போச்சுன்னா உங்க வண்டி இத்தனை நாளா முழு த்ராட்டில்ல, அதாவது கார்புரேட்டர் முழுசா தொறந்து, ஓடவே இல்லன்னு அர்த்தம். 1089 சிசி எஞ்சின், அதுல முழுசும் கிடைக்கலன்னா ஃப்ளைஓவர் ஏறும்போது பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிக்கத்தான் செய்வான்.

ஒரு இன்ச்சு சும்மா போகுதுன்னா ஏதோ பெருசா உடைஞ்சிருக்குன்னு பயப்படாதீங்க, கணக்கு போட்டு பாருங்க. உதாரணத்துக்கு கால் வைக்கற இடம் பிவட்லேர்ந்து (பெடல் சுத்தற பின்லேர்ந்து) 15 செ.மீ., ராடு மாட்டற ஓட்டை 5 செ.மீ.ன்னு வைங்க, ராடு பக்கம் 1 மி.மீ. தேய்மானம் இருந்தா கால்ல அது 3 மி.மீ. ஆயிடும். அப்படி நாலு ஜாயின்ட், ஆளுக்கு 2 மி.மீ.ன்னா கால்ல 24 மி.மீ., இந்தா உங்க ஒரு இன்ச்சு வந்துருச்சு. ஒவ்வொண்ணா கழட்டி பாத்தா எதுவுமே பெரிய குத்தம் இல்லாத மாதிரிதான் இருக்கும், அதனாலதான் நெறைய மெக்கானிக் ராடோட நீளத்த மட்டும் அட்ஜஸ்ட் பண்ணி விட்ருவாங்க, ஒரு மாசம் நல்லா இருக்கும் அப்புறம் ஐடிலிங் (கால் வைக்காதப்ப எஞ்சின் ஓடற வேகம்) ஏறி நிக்கும்.

என் வண்டியில இப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழம பெடல் பின்ன தட்டி வெளிய எடுத்தேன், சும்மா வரல, டீசல்ல ராத்திரி முழுக்க ஊற வச்சு மறுநாள் பஞ்ச் வச்சு தட்டினதும்தான் வந்துச்சு. தொடச்சு பாத்தா பின்னோட நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி இருக்கு, நகத்த வச்சு இழுத்தா வாசப்படி மாதிரி தட்டுது, வெர்னியர் வச்சு பாத்தா ரெண்டு ஓரமும் 8 மி.மீ., நடுவுல 7.1. ஓட்டைக்குள்ள கருப்பா ஒரு பசை, அது கிரீஸ்தான், ஆனா செருப்புல வர்ற மண்ணு அதுல கலந்து கலந்து எமரி பேஸ்ட்டா மாறியிருக்கு. நாம என்னமோ கிரீஸ் போட்டு காப்பாத்தறதா நெனச்சோம், அது உள்ள உக்காந்து அராவிட்டு இருந்திருக்கு. அதுவும் போதாதுன்னு ராடு பக்கத்துல ஸ்பிளிட் பின்னுக்கு பதிலா யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிள் ஸ்போக்க வெட்டி வளச்சு சொருகியிருந்தார்.

சரி பண்ற முறை இதுதான். பின்ன புதுசா கடைய சொல்லுங்க, ஓட்டை முட்டை மாதிரி நீண்டு போயிருந்தா அத பெருசா ரவுண்டா துளச்சு உள்ள கன்மெட்டல் புஷ் (சின்ன உலோகக் குழாய் வளையம்) ஒண்ணு டைட்டா இறக்கச் சொல்லுங்க. புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவுல 0.05 மி.மீ. மாதிரி இடைவெளி போதும், ஒரு தலைமுடி கனம்னு சொன்னா டர்னருக்கு புரிஞ்சிடும். புஷ்ஷ இறக்கினதுக்கு அப்புறம் உள்பக்கம் கொஞ்சம் சுருங்கும், அதனால கடைசியா ரீமர் (ஓட்டைய சரியான அளவுக்கு கொண்டு வர்ற கருவி) ஓட்டச் சொல்லணும், இத விட்டுட்டுத்தான் நெறைய பேர் பெடல் இறுகி நிக்குதுன்னு திரும்ப வருவாங்க. லேத்துப் பட்டறைக்கு பெடலையும் பழைய பின்னையும் ரெண்டையும் கையோட எடுத்துட்டு போங்க, அளவ மட்டும் பேப்பர்ல எழுதிட்டு போகாதீங்க. ஓட்டைய வெல்டிங்ல நெரப்பி திரும்ப துளைக்கறதும் உண்டு, ஆனா பெடல வண்டியிலேர்ந்து கழட்டி வெளிய கொண்டு போய் செய்யணும், கார்ப்பெட்டுக்கும் பெட்ரோல் லைனுக்கும் பக்கத்துல வச்சு வெல்டிங் அடிக்க விடாதீங்க. ராடு நுனியில இருக்கற பால் ஜாயின்ட்ட மட்டும் சரி பண்ண பாக்காதீங்க, அத மாத்திடுங்க, சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகள்ல அளவு காட்டி கேட்டா வேற வண்டியோடதாவது பொருந்தறது கிடைக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், ரிட்டன் ஸ்பிரிங். ஆக்சிலேட்டர்ல வண்டிய கிளப்பறத விட கால எடுத்ததும் திரும்பி வர்றதுதான் பெரிய விஷயம், அமெரிக்காவுல 1973லேயே இதுக்குன்னு ஒரு சட்டமே வந்துச்சு, கால எடுத்தா கார்ல 1 செகண்டுக்குள்ள த்ராட்டில் ஐடிலுக்கு வரணும், அத இழுக்க குறைஞ்சது ரெண்டு தனித்தனி ஏற்பாடு இருக்கணும்னு. ஒரு ஸ்பிரிங் உடைஞ்சாலும் இன்னொண்ணு இழுக்கணும், அவ்வளவுதான் கணக்கு. நம்ம வண்டிகளுக்கு அந்த சட்டம் கிடையாது, ஆனா கணக்கு ஒண்ணுதான். நான் பாத்த வண்டிகள்ல பாதிக்கு மேல ஸ்பிரிங் பெடல் பக்கம் மட்டும்தான் இருக்கு. ராடு எங்கயாவது கழண்டு விழுந்துச்சுன்னா அந்த ஸ்பிரிங் சமத்தா பெடல மட்டும் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கும், கார்புரேட்டர் தொறந்தது தொறந்தபடியே நிக்கும். அதனால ஒரு ஸ்பிரிங் நேரா கார்புரேட்டர் லிவர்லயே இருக்கணும். அதுக்காக ஊர்ல இருக்கறதுலயே முரட்டு ஸ்பிரிங்க மாட்டி விடாதீங்க, கால் வலிக்கறது ஒரு பக்கம், கார்புரேட்டர் ஸ்பிண்டில் (த்ராட்டில் மூடி சுத்தற அச்சு) ஒரு பக்கமாவே இழுபட்டு அதுவும் தேய ஆரம்பிக்கும்.

இவ்வளவும் பண்ணி முடிச்சும் ஃபர்ஸ்ட் கியர்ல வண்டி தவளை மாதிரி தாவுச்சுன்னா எஞ்சின் மவுண்டிங் ரப்பர பாருங்க. கேபிளுக்கு பதிலா ராடு போற உங்க வண்டி மாதிரி வண்டியில எஞ்சின் ஆடினா ராடும் சேந்து ஆடும், நீங்க கால அசைக்காமலே த்ராட்டில் கூடி குறையும்.

ஓடும்போது பெடல் மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன்: கிளச்ச மிதிங்க, நியூட்ரல் பண்ணுங்க, பிரேக் போடுங்க, எஞ்சின் கத்தும், கத்தட்டும், அப்புறம் இக்னிஷன ஆஃப் பண்ணுங்க. ஸ்டியரிங் லாக் இருக்கற வண்டின்னா சாவிய லாக் வரைக்கும் திருகிடாதீங்க.

கேள்வி: ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கேன், 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒண்ணு வாங்கியிருக்கேன். ஆக்சிலேட்டர் பெடல் கீழ தரையில கீல் வச்ச டைப். அது லூசா இருக்கு, மிதிச்சா சில நேரம் ஒரு பக்கமா சரியுது. இங்கயும் லேத்துல புஷ் கடையலாமா?

பதில்: வேணாம், நீங்க வாங்கிடுங்க. திருச்சி தம்பிக்கு ஒரு நியாயம் உங்களுக்கு ஒரு நியாயமான்னு கேக்காதீங்க, பீட்டில் 2003ல மெக்சிகோவுல நிக்கற வரைக்கும் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டி, அதுக்கு பெடலும் பின்னும் கேபிளும் இன்னும் புதுசா அடிச்சு வித்துட்டு இருக்காங்க, நீங்க உக்காந்து கடையற நேரத்துல பார்சல் வீட்டுக்கு வந்துடும். 1957 வரைக்கும் வந்த பீட்டில்ல பெடலுக்கு பதிலா ஒரு உருளைதான் இருக்கும், அது வச்சிருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம், உங்களுக்கு இல்ல. பழைய வண்டிக்குன்னு அங்க குடுக்கற H நம்பர் பிளேட்டுக்கு அப்ளை பண்ற எண்ணம் இருந்தா வண்டிக்கு 30 வயசும் ஒரிஜினல் நெலமையும் கேப்பாங்க, அதனால அலங்கார அலுமினிய பெடல் எதையும் மாட்டிடாம அதே மாதிரி பாத்து வாங்குங்க.

ஆனா பெடல மாத்தும்போது கேபிளையும் பாக்காம விட்டா ரெண்டு வேல. உங்க எஞ்சின் பின்னாடி இருக்கு, அதனால கேபிள் நடு டன்னலுக்குள்ள ஒரு குழாய் வழியா வண்டி நீளத்துக்கும் போய், ஃபேன் கூட்டுக்குள்ள புகுந்து கார்புரேட்டருக்கு போகுது. முன்னாடி பெடல் லிவர்ல மாட்டற நுனியில பிரி பிரியா இழை விட்டிருக்கான்னு விரலால தடவி பாருங்க, குத்துச்சுன்னா அது நடுரோட்டுல விடப்போகுதுன்னு வச்சுக்கோங்க. புதுச கிரீஸ் தடவி முன்னாடிலேர்ந்து தள்ளுங்க. பின்னாடி ஸ்குரூ டைட் பண்ணும்போது ஒரு ஆள பெடல முழுசா மிதிச்சு பிடிக்கச் சொல்லிட்டு, கார்புரேட்டர் லிவர் அதோட ஸ்டாப்ல முட்ட சுமார் 1 மி.மீ. பாக்கி இருக்கற மாதிரி வச்சு டைட் பண்ணுங்க. அந்த ஒரு மில்லி எதுக்குன்னா, அது இல்லன்னா உங்க காலோட முழு பலமும் கேபிள் மேலயும் கார்புரேட்டர் மேலயும்தான் இறங்கும். டன்னல் பக்கத்து தரைத்தகட்ட கார்ப்பெட்ட தூக்கி ஒரு தடவ பாத்துடுங்க, கீல் மாட்டின தகடே துருப்பிடிச்சு ஆடினா புது பெடலும் சரியத்தான் செய்யும்.

கேள்வி: பெடல் ரப்பர் மட்டும் வழுவழுன்னு ஆயிடுச்சு, புது ரப்பர் ஏற மாட்டேங்குது, எண்ணெய் தடவி ஏத்தலாமா? (மதுரை வாசகி)

பதில்: எண்ணெய் கூடவே கூடாதும்மா, ரப்பர் ஊறி உப்பிப் போகும், அதோட கால் வழுக்கும், எதுக்காக ரப்பர் மாத்தறோமோ அதுவே கெட்டுப் போகும். கொதிக்க வச்ச தண்ணிய எறக்கி அதுல ரப்பர பத்து நிமிஷம் போடுங்க, சோப்புத் தண்ணி தடவி ஒரு மூலைய மாட்டிட்டு மத்த மூலைகள ஸ்பூன் காம்பால இழுத்து விடுங்க. ஸ்குரூ டிரைவர் வேணாம், கிழிஞ்சிடும். அப்படியே கீழ போட்டிருக்கற மேட்டையும் பாருங்க, முன்னாடி நகர்ந்து பெடலுக்கு அடியிலயோ மேலயோ சொருகிக்கற மாதிரி இருந்தா தயவு பாக்காம வெட்டி விடுங்க.

கேள்வி: யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட அப்பா வாங்கின மொறிஸ் மைனர் இன்னும் வீட்டில நிக்குது. அக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாலும் எஞ்சின் உடன இறங்காம கொஞ்ச நேரம் இரைஞ்சு கொண்டு நிக்குது. பெடல மாத்தோணுமோ?

பதில்: பெடல தொடாதீங்க ஐயா, இன்னும் காரணமே தெரியல. மொதல்ல கார்புரேட்டர் முனையில கேபிள கழட்டி விட்டுட்டு, எஞ்சின ஸ்டார்ட் பண்ணி லிவர கையால தொறந்து விட்டு பாருங்க. டக்குனு மூடி இரைச்சலும் இறங்கினா குத்தம் கேபிள்லயோ பெடல்லயோ இருக்கு, அப்பவும் இரைச்சல் இறங்க நேரமெடுத்தா குத்தம் கார்புரேட்டர்ல. பெரும்பாலும் ரெண்டாவதாத்தான் இருக்கும், உங்க வண்டியில இருக்கற எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டர்ல த்ராட்டில் ஸ்பிண்டில் தேஞ்சு அந்த சந்து வழியா காத்து உள்ள போகும். ஐடில்ல ஓடும்போது ஸ்பிண்டில் ரெண்டு முனையிலயும் தண்ணிய லேசா ஸ்பிரே பண்ணுங்க, சத்தம் மாறுச்சுன்னா அதேதான். 90கள்ல பெட்ரோல் இல்லாம மண்ணெண்ணெயில ஓடின வண்டிகள் உங்க ஊர்ல நிறைய, உங்களுதும் அதுல ஒண்ணுன்னா கார்புரேட்டர முழுசா பிரிச்சு ஒரு தடவ கழுவுங்க, ஸ்பிண்டில் பக்கம் பிசுபிசுப்பு ஒட்டிக்கிட்டு மூட விடாம பிடிச்சு வச்சிருக்கலாம். கழுவியும் ஆடினா ஸ்பிண்டிலும் புஷ்ஷும் மாத்தணும், பெடல் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: என் அம்பாசிடருக்கு புது மாடல் கார் ஆக்சிலேட்டர் பெடல் ஒண்ணு பழைய இரும்புக் கடையில சல்லிசா கிடைச்சுது, மாட்டலாமா? (சேலம்)

பதில்: அதுல கேபிளோ ராடோ மாட்ட எடமே இருக்காது பாருங்க, ஒரு ஒயர் சாக்கெட்தான் இருக்கும். அது நீங்க எவ்வளவு மிதிச்சீங்கன்னு கம்ப்யூட்டருக்கு சொல்ற சென்சார், உங்க அம்பாசிடர்ல அத கேக்க யாரும் இல்ல. வாங்கிட்டீங்கன்னா அதே கடையில திருப்பிக் குடுத்துட்டு அந்த காசுல ரெண்டு ரிட்டன் ஸ்பிரிங் வாங்குங்க.