மலை மலைன்னு சுத்துன எங்க நைனா

"மலை, காடுன்னு சுத்துற ஆம்பளைங்க குடும்பத்த கவனிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?"ன்னு கேட்டிருக்கீங்க. மத்தவங்க கத எனக்குத் தெரியாது, எங்க நைனா கதய சொல்றேன்.

வேலூர் சைதாப்பேட்டைல சின்னதா மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழம கடைக்கு லீவு, அன்னிக்கு அவர வீட்ல புடிச்சி வைக்க முடியாது. மழ பேஞ்சா அமிர்தி அருவி, இல்லன்னா ஏலகிரி, ஜமுனாமரத்தூர், பௌர்ணமி வந்தா பர்வதமலை. ஒரு சனிக்கிழம காவலூர் வானாய்வு மையத்துக்கு கூட்டிட்டு போயி டெலஸ்கோப்புல சனி கிரகத்த காட்டுனாரு, நான் அந்த வளையத்த பாத்துட்டு யாரோ கண்ணாடில ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்கன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா, நான், தம்பி, அவரு, நாலு பேரும் ஒரே டிவிஎஸ் 50 தான் (போலீஸ்காரங்க யாராச்சும் படிச்சா மன்னிச்சிடுங்க).

அம்மா திட்டாத ஞாயிறு கெடையாது. பெட்ரோலுக்கு போற காசுல ஒரு புடவ எடுத்திருக்கலாம்னு சொல்லுவாங்க, அதுல நியாயமும் இருந்துச்சி. ஆனா தனியா போற அன்னிக்கு ஒரு வேலய மறக்கவே மாட்டாரு. தேதி காலண்டர்ல முந்தின நாள் தாள கிழிச்சி பின்பக்கம் எங்க போறாரு, எத்தன மணிக்கு திரும்புவாருன்னு எழுதி, சாமி படத்துக்கு பக்கத்துல இருக்குற ஆணியில குத்திட்டு தான் செருப்பே மாட்டுவாரு. "பர்வதமலை. ராத்திரி 8." அவ்ளோதான் இருக்கும். எட்டுன்னா எட்டுக்கு முன்னாடி தெருமுனைல வண்டி சத்தம் கேக்கும்.

எனக்கு பதிமூணு வயசுல மொத தடவ பர்வதமலைக்கு கூட்டிட்டு போனாரு. கண்ணமங்கலம், போளூர் வழியா போயி கடலாடி பக்கம் ஏறுனோம். போனவங்களுக்கு தெரியும், 4,560 அடி, கீழ காட்டுப்பாதை எல்லாம் மூச்சு வாங்கும், அவ்ளோதான், மேல கடப்பாறைப் படின்னு ஒண்ணு வரும் பாருங்க, செங்குத்தான பாறைல இரும்புக் கம்பிய அடிச்சி வச்சிருப்பாங்க, பக்கத்துல சங்கிலி, அத புடிச்சினு ஏறணும். நான் பாதி ஏறிட்டு கீழ பாத்துட்டேன். உள்ளங்கை வேர்த்து சங்கிலி வழுக்குது, கால் நடுங்குது, அழுக வந்துடுச்சி. நைனா எனக்கு கீழ நின்னுனு என் ரெண்டு காலையும் ஒவ்வொண்ணா புடிச்சி கம்பில வச்சி வச்சி எறக்கினாரு. அம்மா பேர சொல்லி மேல மல்லிகார்ஜுனருக்கு ஏத்தணும்னு எண்ணெயும் கற்பூரமும் வேற கொண்டாந்திருந்தாரு, அத கூட வந்த கடைக்கார அண்ணன் கைல குடுத்துட்டு என்கூட பாறைல உக்காந்துட்டாரு.

நான் அழுதுனே "நீ போ நைனா, நான் இங்கயே இருக்கேன்"னேன். "மல எங்கயும் போவாது. நீ பயந்துனு வந்தன்னு தெரிஞ்சா உங்கம்மா என்ன உள்ளயே வுட மாட்டா"ன்னு சொல்லி தூக்குல இருந்த புளி சோத்த தொறந்தாரு. நாலு வா தின்னல, ஒரு கொரங்கு வந்து மூடிய தூக்கினு ஓடிடுச்சி. அந்த தூக்கு இன்னிக்கும் மூடியில்லாம தான் எங்க பரண்ல கெடக்குது.

அடுத்த வருஷம் ஏறிட்டேன், அது பெரிய கத இல்ல.

அவரு போயி நாலு வருஷம் ஆவுது. மலைல இல்ல, வீட்ல தான், சுகர், அப்புறம் ஹார்ட். போன பௌர்ணமிக்கு தம்பி ஃப்ரெண்ட்ஸோட பர்வதமலை கெளம்புனான். "லைவ் லொகேஷன் அனுப்பியிருக்கேன்மா, போன்ல பாத்துக்க"ன்னான். அம்மா பதில் பேசாம காலண்டர்ல ஒரு தாள கிழிச்சாங்க, பேனாவயும் சேத்து அவன் கைல குடுத்தாங்க. "எத்தினி மணின்னு எழுதி குத்திட்டு போ."