சுருங்கிய சட்டைக்கையும் அண்ணா சொன்ன மாப்பிள்ளையும்

கேள்வி: எனக்கு 26 வயது. படித்த பாடம், பார்க்கிற பாங்க் வேலை எல்லாம் ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா சொன்னபடிதான். ஒன்றும் பிழைக்கவில்லை. இப்போது கனடா மாப்பிள்ளை ஒருவரைப் பேசுகிறார்கள்; தையில் எழுத்து (கலியாணப் பதிவு) வைக்கலாமாம். எல்லாம் சரியாக நடந்தும் மனம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆசைக்குத் தையல் தொடங்கினேன். முதல் சட்டையிலேயே கை சுருங்கிப்போச்சு, மெஷினை மூடிவிட்டேன். ஒழுங்காகச் செய்ய ஏலாததை ஏன் செய்யவேண்டும்?
– கோப்பாய் வாசகி

பதில்: முதலில் அந்தக் கையைப் பார்ப்போம், தங்கச்சி.

கையின் மேல்வளைவை, அது போய்ப் பொருந்துகிற தோள் வளைவைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார்கள். தோள் உருண்டை, கை தூக்கவும் இடம் வேண்டும். அந்த மிச்சத்தைப் பரப்பாமல் நேரே மெஷினில் ஓட்டினால் ஓரிடத்தில் குவிந்து சுருங்கும். நீங்கள் வெட்டியதில் பிழை இல்லாமலே இது நடக்கும். மேல்வளைவை மட்டும் பிரியுங்கள். தையல் நீளத்தை 4இல் வைத்து, ஓரத்தை ஒட்டி இரண்டு தளர்ந்த ஓட்டம் ஓட்டுங்கள். அடிநூலை மெல்ல இழுத்து, மிச்சத் துணியை விரலால் சமமாகப் பரப்பி, ஊசி குத்தி, கைப்பக்கம் மேலே இருக்கத் தையுங்கள். அப்படியும் ஒரு சின்னச் சுருக்கம் நிற்கலாம். நிற்கட்டும், உடுத்தினால் யாருக்கும் தெரியாது.

இந்தச் சுருக்கம் ஏன் உங்களை இவ்வளவு சுட்டது? நீங்களே தெரிவு செய்து, நீங்களே விட்ட முதல் பிழை இதுதான் போலிருக்கிறது. மற்றதெல்லாம் சரிவந்தாலும் பிழைத்தாலும் அண்ணாவின் கணக்கு. சரியாக நடந்தும் வெறுமை என்கிறீர்களே, அதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அண்ணா பொல்லாதவர் என்று சொல்லவரவில்லை.

எல்லாவற்றிலும் மிகச் சிறந்ததைத் தேடுகிறவர்களுக்கு ஹேர்பேர்ட் சைமன் 1956இல் சொன்ன ஒரு வழி உதவும். (பிறகு 1978இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்.) மனிதருக்கு நேரமும் தகவலும் அளவோடுதான் கிடைக்கும், அதனால் போதுமானது எது என்று ஒரு மட்டம் வைத்துக்கொண்டு, அதைத் தொடுகிற முதல் தெரிவை எடுக்கிறோம் என்றார். இதில் ஒரு கண்ணி உண்டு: மட்டத்தைத் தெரிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதவேண்டும். மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், படத்துக்கேற்றபடி நிபந்தனை வளையும். மூன்று நிபந்தனை போதும். பத்து எழுதினால் அது வேண்டாம் என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்வது.

சட்டையைப் பிரிக்கலாம், எழுத்தை அப்படிப் பிரிக்க ஏலாது. தாலியும் மண்டபமும் பிறகு வந்தாலும், பதிவாளர் முன் கையெழுத்திட்ட அன்றே சட்டப்படி நீங்கள் மனைவி. விலகுவதென்றால் இலங்கையில் மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும். பிறர் உறவு, கைவிட்டுப்போனது போன்ற காரணங்களை நிரூபிக்கவேண்டும். பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. விசா அலுவலுக்கென்று எழுத்தை முந்தி வைக்கிற வீடுகளில் இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே தைக்கு முன்னரே அவரோடு நாலைந்து தடவையாவது தனியாகக் கதையுங்கள், அம்மா பக்கத்தில் இருக்க ஸ்பீக்கரில் அல்ல. உங்கள் பாங்க் அனுபவம் அங்கே எவ்வளவு செல்லும், முதல் வருடம் யார் வீட்டில் இருப்பது, இரண்டையும் நேரே கேளுங்கள். பதில் உங்கள் மூன்று நிபந்தனைக்குள் வந்தால் ஓம் என்று சொல்லலாம். அண்ணா காட்டிய ஆள் என்பதற்காக மறுக்கத் தேவையில்லை.

அண்ணாவிடம் வாட்ஸ்அப் செய்தியில் எழுதாதீர்கள், கதையுங்கள். கோடையில் இங்கே ஞாயிறு காலை 7 மணி என்றால் அங்கே சனி இரவு 9.30, வேலைக் களை இல்லாமல் இருப்பார். "வேண்டாம்" என்று தொடங்கினால் அவர் வாதாடத் தொடங்குவார். "எழுத்துக்கு மூன்று மாதம் தாருங்கோ அண்ணா, இன்னின்னதை நான் கேட்டறியவேணும்" என்று நாளையும் கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.