வாசகர் கேள்வி – பதில்: நாக்கை ஏமாற்றும் பழம்

கேள்வி: நாற்றுப் பண்ணையில் ‘அற்புதப் பழம்’ என்று ஒரு செடி விற்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள என் கணவருக்கு அந்தப் பழத்தைச் சர்க்கரைக்குப் பதிலாகத் தேநீரில் போட்டுக் கொடுக்கலாமா? — வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: போட்டாலும் தேநீர் இனிக்காது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடியின் பழம், காப்பிப் பழம் போலச் சிவந்து சிறியதாக இருக்கும். தனியாகத் தின்றால் பெரிய சுவை ஒன்றும் இராது. அதிலுள்ள மிராக்குலின் என்னும் புரதம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் ஒட்டிக்கொண்டு, புளிப்பான பொருள் வாய்க்கு வரும்போது மட்டும் அவ்விடங்களைத் தூண்டுவதால், அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு எலுமிச்சையும் இனிக்கும். நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த அனுபவம் உங்களுக்கு இருக்குமே. காரணம் வேறென்றாலும் வியப்பு ஏறக்குறைய அதே வகைதான். தேநீரில் புளிப்பில்லை என்பதோடு, சூடு பட்டால் இந்தப் புரதமும் கெட்டுவிடும். பழத்தை மென்றுவிட்டுச் சர்க்கரை சேர்க்காத எலுமிச்சைச் சாறு குடிப்பதானால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் மாறுவது நாக்கின் உணர்வு மட்டுமே. இரத்தத்தில் ஏறிய சர்க்கரையை இது இறக்கும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

மேற்கு ஆப்பிரிக்க மக்கள் புளித்த கள்ளையும் புளித்த மாவுப் பண்டங்களையும் உண்ணுமுன் இப்பழத்தை மெல்லுவதை ஐரோப்பியப் பயணிகள் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதை இனிப்பூட்டியாக விற்க முனைந்த ஒரு நிறுவனத்தை 1974இல் அந்நாட்டு உணவு, மருந்துத் துறை தடுத்துவிட்டது.

கேள்வி: கல்லாறு அரசுப் பழப்பண்ணையில் மங்குஸ்தான் மரங்களைப் பார்த்ததிலிருந்து ஆசையாக இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் வருமா? — வாசகர், காங்கேயம்

பதில்: வராது என்பதே என் கருத்து. மலையடிவாரத்தின் ஈரமும் நிழலும் மங்குஸ்தானுக்கு வேண்டும். ஆடிக் காற்று வறண்டு வீசும் மேட்டு நிலத்தில் இளஞ்செடி காய்ந்துபோகும். நாற்று நட்டு முதல் காய் பார்ப்பதற்கே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு என்றால், தண்ணீர் வசதியைப் பொறுத்து ஊடுபயிராக முயன்று பார்க்கச் சொல்லியிருப்பேன். பழத்தை வாங்கியே தின்னுங்கள்; அடிப்பக்கம் பூப்போல இருக்கும் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை.

கேள்வி: தமரத்தம்பழம் உடம்புக்குக் கெடுதலா? — வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: குறுக்கே அரிந்தால் நட்சத்திரம் போலிருக்கும் அந்தப் பழம், நலமாக இருப்பவருக்கு அளவோடு தின்றால் கெடுதலில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஒரு துண்டும் தொடக் கூடாது. அதிலுள்ள நச்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கி, நிற்காத விக்கல், மனக் குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிரிழந்தவர்களும் உண்டு.