படுக்கைப் புண், கிழிந்த தோல்: காயப் பராமரிப்பு செவிலியரிடம் கேளுங்கள்

காயப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். நோயாளிகளின் உறவினர்களும் வார்டில் வேலை செய்பவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்கள் இவை.

சிஸ்டர், அப்பா ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்திருக்கிறார். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருக்கிறது, புண் எதுவும் இல்லை. என்ன களிம்பு போடலாம்?

களிம்பை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சிவப்பை விரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண். கருத்த தோலில் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், அதனால் கையையும் நம்புங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறது என்கிறாரா? ஊதாவாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பாதிப்பு ஆழத்தில் இருக்கலாம், சில நாளில் பெரிதாகத் திறந்துகொள்ளும்.

வைத்தியம் என்னவென்றால், அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்ப்பதுதான். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்துப் படுக்க வையுங்கள். முழுக்க ஒருக்களித்துப் படுத்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பின்மேல் போய்விடும். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, தலைமாட்டையும் 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தூக்கி வைக்காதீர்கள். உடம்பு கீழே சரியும்போது தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நசுங்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடவும் வேண்டாம். அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் உள்ளே ஏற்கெனவே நைந்துபோன திசு அது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியே ஆகவேண்டுமா? இரவுப் பணியில் ஆள் போதவில்லை.

இரண்டு மணி என்பது பழகிப்போன கணக்கு. நல்ல அழுத்தம் குறைக்கும் மெத்தை இருந்து, திருப்பும்போது தோலில் மாற்றமும் இல்லையென்றால் சிலருக்கு இடைவெளியைக் கூட்டலாம். சிவப்பு தெரிந்தால் குறைத்தாக வேண்டும். படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் பிரேடன் அளவுகோலில் 18 அல்லது அதற்குக் கீழே வருபவர்களைப் பட்டியலில் முதலில் வையுங்கள். அதில் மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து கூடும். திருப்பும்போது இழுக்காதீர்கள், வழுக்கு விரிப்பைப் போட்டு நகர்த்துங்கள். காற்று மெத்தை போட்டாயிற்றே என்று திருப்பாமல் விடுவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை நல்லதா?

வேண்டாம். விளிம்பு வட்டமாக அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தையே குறைத்துவிடும்.

பிளாஸ்டரை எடுக்கும்போது பாட்டியின் முன்கைத் தோல் உரிந்து வந்துவிட்டது. தொங்கும் தோலை வெட்டிவிடலாமா சிஸ்டர்?

வெட்டாதீர்கள். உயிருள்ள தோலாக இருந்தால் அதுவே நல்ல மூடி. முதலில் ரத்தத்தை நிறுத்தி, சலைனால் கழுவுங்கள். பிறகு ஈரமான காஸ் துணியாலோ கையுறை போட்ட விரலாலோ அந்தத் தோலை இழுத்துப் பிடிக்காமல், பழைய இடத்துக்கு மெல்ல உருட்டி வையுங்கள். மேலே சிலிகான் டிரெஸ்ஸிங். எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்று அதன்மேலேயே பேனாவால் ஓர் அம்புக்குறி போடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஷிப்டில் வருபவர் எதிர்ப்பக்கமாக எடுத்து, ஒட்டிய தோலை மறுபடி கிளப்பிவிடுவார். இனி அந்தக் கையில் ஒட்டும் பிளாஸ்டரே வேண்டாம், சுற்றுத்துணி போதும். தினம் இருமுறை ஈரப்பதக் களிம்பு தடவுங்கள், தோல் கிழிவது குறையும்.

டயப்பர் போடும் இடம் முழுக்கச் சிவந்து உரிந்திருக்கிறது. இதுவும் படுக்கைப் புண்ணா?

எலும்பு மேட்டில் ஒரே இடமாக இருந்தால் அழுத்தம் என்று சந்தேகப்படுவேன். மடிப்புகளிலும் இரு பக்கமும் ஓரம் கலைந்து பரவியிருந்தால் பெரும்பாலும் மூத்திர, மல ஈரத்தால் வந்தது. ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுத் தேய்க்காமல் மென்மையாகத் துடைத்து, துத்தநாக ஆக்சைடு போன்ற தடுப்புக் களிம்பு போடுங்கள். அடுத்த முறை அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, அழுக்கானது மட்டும் போனால் போதும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

புண்ணைக் காற்றாட விட்டால்தானே காயும்?

காய்ந்தால் பொருக்கு கட்டும், புதுத் தோல் அதன் அடியில் வழி தேடி அலையும். 1962-லேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் மூடி ஈரமாக வைத்தவை வேகமாக மூடியதைக் காட்டிவிட்டார். சுத்தமாகச் சிவந்து வளரும் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவதையும் நிறுத்துங்கள். நுரை வருவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், வளரும் செல்களும் சேர்ந்து சாகும்.

ஒரு விதிவிலக்கு: குதிகாலில் காய்ந்து, கெட்டியாக, ஓரம் பிரியாமல் இருக்கும் கறுப்புப் பொருக்கை நனைக்கவோ வெட்டவோ கூடாது. குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சீழ், சிவப்பு, நாற்றம், மெத்தென்ற தன்மை வந்தால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆக்ஸிஜன் குழாய் போட்டவருக்குக் காதுக்குப் பின்னால் புண். அங்கே பாரமே இல்லையே?

குழாயே பாரம்தான். தினமும் இரண்டு தடவையாவது குழாயைத் தூக்கி அடியில் பாருங்கள், காதுமேல் மெல்லிய நுரை டிரெஸ்ஸிங் வையுங்கள். மூக்குத் தண்டில் முகமூடி, சிறுநீர்க் குழாய் தொடையில் படும் இடம், கழுத்துப் பட்டைக்கு அடியில் தாடை, இவற்றையும் அதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.