சாப்பாட்டு மேசையில் ஓர் ஓவியர்

கேள்வி: என் மனைவி நெடுங்காலமாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறாள். பழைய வீட்டுத் திண்ணையில் நான்கடிப் பலகையை வைத்து வரைந்தவள், இந்த வீட்டுக்கு வந்தபின் சிறு சிறு படங்களோடு நிறுத்திக்கொள்கிறாள். கண்காட்சிகளுக்கு அழைத்துப் போகிறேன், மனம் திறந்து பாராட்டுகிறேன். சாப்பாட்டு மேசையில்தான் வரைவாள். இரவுச் சாப்பாட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவாள், அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. மாடி அறை, பெங்களூரில் இருக்கும் மகன் பண்டிகைக்கு வந்தால் தங்குவதற்கு. பணி ஓய்வு பெற்றுவிட்ட நான், அவளுக்குப் பழைய ஊக்கம் வர என்ன செய்யலாம்?

- கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் மனைவிக்கு ஊக்கம் குறைந்ததற்கான அடையாளம் கடிதத்தில் எங்குமே இல்லை. மேசை காலியாகும் நேரம் பார்த்து உட்கார்ந்து, தட்டு வைக்கும் நேரத்துக்குள் எடுத்து வைத்து, மறுநாள் மீண்டும் தொடங்குகிறவருக்கு ஊக்கத்தை நீங்கள் எங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கப் போகிறீர்கள்? யாருக்கும் தொந்தரவில்லை என்று எழுதியபோது அவரை நினைத்துப் பார்த்தீர்களா?

பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கை ஒரு படலம் வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்ததை வைத்து மேடாக்கி, கல் பதித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தங்கத்தாள் ஒட்டுகிற வேலை அது என்பது இத்தனை காலம் கூட இருந்த உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரம் காயாத நான்கடிப் பலகையைத் தினமும் மாலையில் தூக்கிச் சாய்த்து வைக்க முடியாது. எதைத் தூக்கி வைக்க முடியுமோ, அதை வரைகிறார்.

அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் 1945-இல் ஜாக்சன் பொல்லாக்கை மணந்து லாங் ஐலண்டில் குடியேறினார். கொட்டகை கணவரின் ஓவியக்கூடமாயிற்று. இவர் மாடிப் படுக்கையறையில் சிறிய படங்களாக வரைந்தார். 1956-இல் கணவர் இறந்தார். அதன்பின் அந்தக் கொட்டகைக்கு மாறிய கிராஸ்னர், 1957-இல் வரைந்த படமொன்று ஏறக்குறைய 17 அடி அகலம். உங்கள் மனைவி ஓர் அறைக்காக அப்படி யாருடைய சாவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; சாவி உங்களிடமே இருக்கிறது.

பிள்ளை வந்தால் தங்க இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்டிகைக்கு வந்து போகிறவனுக்காக ஆண்டு முழுவதும் ஓர் அறையை ஒதுக்கி வைத்துவிட்டு, பெற்றவளை மேசை மூலையில் உட்கார வைப்பதைப் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மகனுக்காக வைத்த அறையைத் தனக்குத் தரும்படி எந்தத் தாயும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். கேட்க வேண்டிய நிலைக்கே அவரைக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது கணவனின் கடமை, அதில் தவறியிருக்கிறீர்கள்.

இந்த வாரமே அந்தக் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாத்துங்கள். சன்னலருகே அகலமான மேசையும் நல்ல விளக்கும் போடுங்கள். மகனுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள், அந்தப் பொறுப்பையும் அவர் தலையில் வைக்காதீர்கள். பொங்கலுக்கு வருகிறவன் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். வேலைக்குப் போகாத உங்களுக்கு இரவுச் சமையல் முடியாத காரியமல்ல. மக்கு ஈரமாக இருக்கும்போது அடுப்படியிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. பலகை வாங்கப் போகும்போது மட்டும் அளவை நீங்களாகத் தீர்மானிக்காமல் அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.