விலை சொல்லும்போது குரல் ஏன் இறங்குகிறது?

வீட்டிலிருந்தே தொழில் தொடங்கியவர்களும் தொடங்கத் தயங்குகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: வீட்டிலேயே சோப்பு செய்கிறேன். வாங்கியவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் "எவ்வளவு?" என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நினைத்து வைத்திருந்த விலையில் பாதியைச் சொல்லிவிட்டு அப்புறம் நொந்துகொள்கிறேன். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது எப்படி?

உங்களிடம் இருப்பது தைரியக் குறைவு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். விலை எப்படி வந்தது என்று விற்கிறவருக்கே உறுதியாகத் தெரியாவிட்டால், வாங்குகிறவர் லேசாகப் புருவம் உயர்த்தினாலே அந்த விலை ஆட்டம் கண்டுவிடும்.

ஒரு தடவை செய்யும் சோப்பில் 12 கட்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டும்தான். உங்கள் செலவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை எல்லாம் சேர்த்து 240. உறை, லேபிள் 60. கலக்க ஒரு மணி நேரம், கழுவித் துடைக்க அரை மணி, வெட்ட அரை மணி, உறையிட்டு லேபிள் ஒட்ட ஒரு மணி என மொத்தம் 3 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 100 என்றால் கூலி 300. மின்சாரம், போக்குவரத்து, இணையம், கருவிகளின் தேய்மானம் எல்லாம் மாதம் 600 ஆகிறது, மாதம் 6 தடவை செய்கிறீர்கள் என்றால் ஒரு தடவைக்கு 100. ஆக மொத்தம் 700.

இதை 12ஆல் வகுக்கக் கூடாது. ஓரக் கட்டி ஒன்று உடையும், ஒன்று மாதிரிக்குப் போகும். விற்பது 10தான். ஒரு கட்டியின் அடக்கம் 70.

பலரும் செய்வது என்னவென்றால், மூலப்பொருள் செலவான 240ஐ 12ஆல் வகுத்து 20 என்று கண்டுபிடித்து, "இரண்டு மடங்கு வைத்து 40க்குக் கொடுக்கிறேன், பாதி லாபம்" என்று நினைத்துக்கொள்வது. அவர்கள் ஒவ்வொரு கட்டிக்கும் 30ஐத் தங்கள் கையிலிருந்து போடுகிறார்கள். அந்த 30 அவர்களுடைய சொந்தக் கூலியிலிருந்து போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு மாதத்தில் உடம்பு அசந்து, "இந்தத் தொழிலில் ஒன்றும் நிற்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள்.

அடுத்து லாபம். விற்கும் விலையில் 20 சதவீதம் லாபம் நிற்க வேண்டுமென்றால் 70ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 87.50 வரும், 88 என்று வையுங்கள். 70க்கு மேல் 20 சதவீதம் கூட்டினால் 84தான் வரும். இந்த வித்தியாசம் தள்ளுபடி நாளில் கடிக்கும். 84இல் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் கையில் 67.20, அடக்கத்துக்கும் கீழே போய்விட்டீர்கள். 88இல் அதே தள்ளுபடி கொடுத்தால் 70.40, குறைந்தபட்சம் நட்டம் இல்லை.

இந்தத் தாள் கையில் இருக்கும்போது "88" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "கொஞ்சம் அதிகம்தான், வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சேர்த்துக்கொள்ளும் அந்த வால்தான் விலையைக் கெடுக்கிறது. அவர் யோசிக்கும் சில நொடி மௌனத்தை நிரப்ப வேண்டியது உங்கள் வேலை இல்லை. "விலை அதிகமாக இருக்கிறதே" என்றால், அதே பொருளை விலை குறைத்துக் கொடுக்காமல் பொருளின் அளவைக் குறையுங்கள்: "அந்தத் தொகைக்குச் சின்னக் கட்டி இருக்கிறது, அதைத் தரட்டுமா?" உறவினருக்கும் தோழிக்கும் சலுகை கொடுக்க ஆசைப்பட்டால் பில்லில் முழு விலையை எழுதி, அதற்குக் கீழே சலுகையைக் கழித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் சலுகை விலையே உங்கள் விலை என்று ஊருக்குள் பரவிவிடும்.

கேள்வி: எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு பிறகு தொழில் தொடங்கலாம் என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். இது சரியா?

சரியில்லை. வரிசை தலைகீழாக இருக்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், "இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருவதாகச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்லும் வார்த்தை, நம் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது. வார்த்தை அதைவிட மிகவும் பலவீனமானது. "உன்னால் முடியும்" என்று வீட்டில் நூறு பேர் சொன்னாலும் முதல் தோல்வியில் அது கரைந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். எளிதாகக் கிடைத்த வெற்றிகள் மட்டுமே பழகியவர்கள் சின்னத் தடங்கலிலேயே மனம் உடைந்துபோவார்கள் என்பதையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே கொஞ்சம் சிரமப்பட்டு முடிக்கக்கூடிய வேலையாகத் தேர்ந்தெடுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதல் வாரம், தெரிந்த மூன்று பேருக்குப் பொருளைக் கொடுங்கள், ஆனால் காசு வாங்கிக்கொண்டு. இலவசமாகக் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது நன்றி மட்டும்தான். காசு கொடுத்தவர்தான் குறை சொல்வார், அந்தக் குறைதான் உங்களுக்கு வேண்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்பார்கள். "இதில் எதை மாற்றினால் மறுபடி வாங்குவீர்கள்?" என்று கேளுங்கள். அடுத்து, அந்த மூவர் மூலம் அறிமுகமாகும், உங்களை அறியாத ஒருவருக்கு விற்பது. அதற்கடுத்துதான் பொதுவில் படம் போட்டு ஆர்டர் கேட்பது. ஒரு படி பழகி அலுத்துப்போகும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நெஞ்சு படபடப்பது, உள்ளங்கை வியர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் தோல்வியின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்கியமான காரியத்துக்கு உடல் தயாராகும்போதும் இதே படபடப்புதான் வரும். பேச வேண்டியதை நான்கு வரியில் எழுதி, தொலைபேசி அழைப்புக்கு முன் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் பயன் குறைவு.

கேள்வி: நான் செய்த சோப்பைப் போட்டதும் தோல் எரிகிறது என்று ஒருவர் சொன்னார். இன்னொரு தடவை செய்தது வெண்ணெய் மாதிரி கொழகொழவென்றே இருந்தது. அதிலிருந்து தொடவே பயமாக இருக்கிறது.

அந்தத் தொகுப்பில் மிச்சமிருப்பதை விற்பதை நிறுத்துங்கள். வாங்கியவர்களிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு அளவைப் பார்ப்போம். இரண்டு கோளாறும் பெரும்பாலும் தராசிலிருந்தே வருகின்றன.

ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாற வெவ்வேறு அளவு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் 600, விளக்கெண்ணெய் 100 என்று எடுத்தால் 54.9, 80.4, 12.8, கூட்டினால் 148.1 கிராம். இது எண்ணெய் முழுவதும் மாறிப்போவதற்கான அளவு. அப்படியே போட்டால் தோலுக்கு விட்டுவைக்க எண்ணெயே மிஞ்சாது. அதனால் 5 சதவீதம் குறைத்து 141 கிராம் போடுகிறோம். தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு, 282 கிராம்.

இப்போது 141க்கும் 148க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 7 கிராம். சமையலறைத் தராசு 5 கிராமுக்கு ஒரு தடவை நகர்கிற வகையாக இருந்தால், அல்லது கரண்டிக் கணக்கில் போட்டால், இந்த இடைவெளி ஒரே அள்ளலில் காணாமல் போகும். மிஞ்சிய காஸ்டிக்தான் தோலை எரித்தது. ஒரு கிராம் துல்லியமாவது காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆலிவுக்குப் பதில் கையிலிருக்கும் வேறு எண்ணெயை அதே அளவில் ஊற்றியிருந்தாலும் கணக்கு கெடும். எண்ணெய் மாறினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

கொழகொழப்புக்குக் காரணங்கள் வேறு: காஸ்டிக் குறைவு, தண்ணீர் அதிகம், அல்லது சரியாகக் கலக்காதது. கலவையைக் கரண்டியால் எடுத்து மேலே கோடு போட்டால் அந்தக் கோடு சில நொடி மறையாமல் நிற்க வேண்டும். அந்தப் பதம் வருமுன் அச்சில் ஊற்றினால் எண்ணெய் பிரிந்துவிடும். காஸ்டிக் சோடா டப்பா மூடி சரியாக இல்லாமல் காற்றின் ஈரத்தை இழுத்திருந்தால், எடை சரியாகக் காட்டினாலும் வீரியம் குறைந்திருக்கும். கட்டி கட்டியாக ஒட்டிப்போயிருந்தால் அதைச் சோப்புக்கு எடுக்க வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரைசல் அடுப்பில்லாமலே கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வர் அல்லது வெப்பம் தாங்கும் கனமான பிளாஸ்டிக் பாத்திரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல். குழந்தைகள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

வெட்டிய கட்டிகளை 4 முதல் 6 வாரம் காற்றாட வையுங்கள். அந்த நாட்களில் தண்ணீர் ஆவியாகி எடை குறையும். வெட்டிய அன்றைய எடையை லேபிளில் அச்சடித்தால் வாங்குகிறவர் கையில் குறைவாக நிற்கும். உறையிடும் அன்றைய எடையைப் போடுங்கள். மேலே வெள்ளைப் பொடி படிந்தால் கவலை வேண்டாம். மேற்பரப்பில் இருந்த காஸ்டிக் காற்றுடன் சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகியிருக்கிறது, துடைத்தால் போதும். ஆரஞ்சு நிறப் புள்ளி வந்தால் எண்ணெய் கெட்டுக் காறத் தொடங்கிவிட்டது, விற்காதீர்கள்.

ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு எண் கொடுத்து, தேதி, எடைகள், எண்ணெய் வாங்கிய நாள் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை யாராவது "எரிகிறது" என்றால், எந்தத் தொகுப்பு, அதில் என்ன போட்டேன் என்று ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். பயம் குறைவது அங்கேதான்.

கேள்வி: துணிப்பை தைத்து விற்கிறேன். ஒரு நிறுவனம் 10 நாளில் 200 பை கேட்கிறது. மறுத்தால் வாய்ப்பு போய்விடும், ஒத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.

ஒரு பைக்கு எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரம் வைத்துப் பாருங்கள். 35 நிமிடம் என்றால், பிரித்துத் தைப்பதற்கு 15 சதவீதம் சேர்த்து 40 நிமிடம். தினமும் 4 மணி நேரம் உட்கார முடிந்தால் 10 நாளில் 60 பை. 200க்கு ஐந்து வாரம் ஆகும். இதை அப்படியே சொல்லுங்கள்: "10 நாளில் 60 தருகிறேன், மீதியை ஐந்தாவது வாரத்துக்குள் தருகிறேன்." பெரிய ஆர்டர் கொடுப்பவர்கள் மறுப்பைவிட வாக்குத் தவறுவதைத்தான் மறக்கமாட்டார்கள்.

துணிக்கும் நூலுக்கும் ஆகும் முழுச் செலவாவது முன்பணமாக வர வேண்டும். ஒரு மாதிரிப் பை தைத்துக் காட்டி, அளவு, நிறம், கைப்பிடி நீளம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பருத்தித் துணி என்றால் அளந்த ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்த பிறகே வெட்டுங்கள். 200ஐயும் மொத்தமாக வெட்டிவிடாமல் முதல் ஐந்தை முழுசாக முடியுங்கள். வெட்டில் உள்ள பிழை ஐந்தோடு போகட்டும்.

கேள்வி: தொழில் பணமும் வீட்டுப் பணமும் கலந்துவிடுகிறது. மாதக் கடைசியில் லாபமா நட்டமா என்றே தெரியவில்லை.

தனி வங்கிக் கணக்கு ஒன்று போதும். விற்ற பணம் அங்கே மட்டும் வர வேண்டும், மூலப்பொருள் அங்கிருந்து மட்டும் வாங்க வேண்டும். உங்கள் கூலியை மாதம் ஒரே தேதியில் ஒரே தடவை வீட்டுக்கு மாற்றுங்கள். இடையில் எடுத்தால் கடன் என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி என் பொருளை மோசம் என்று எழுதிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

கோபத்தோடு அதே நிமிடம் பதில் எழுதாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் பதிலில்லாமலும் விடாதீர்கள். அவர் எழுதியதில் பொருளைப் பற்றியது எது, உங்களைப் பற்றியது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். இரண்டாவதற்குப் பதிலே தேவையில்லை. முதலாவதற்கு மூன்று வரி: என்ன குறை என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு வரி, நீங்கள் பார்த்துக் கண்டது ஒரு வரி, மாற்றித் தருவீர்களா பணம் தருவீர்களா என்பது ஒரு வரி. குறை உண்மையில்லை என்றாலும் விவாதம் வேண்டாம். பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லி, வந்த பிறகு பாருங்கள். அடுத்த ஆர்டர் அனுப்பும்போது அந்தக் குறையை மட்டும் தனியாகச் சோதித்து, உறையிடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.