கொண்டை ராணி, முக்காடு ராணி

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஐந்து பிரிட்டிஷ் பென்னிகள் கிடைத்தன: 1893, 1900, 1908, 1948, 1949. முதல் இரண்டிலும் விக்டோரியா பெயர்தான், முகம் மட்டும் வேறு. கடைசி இரண்டிலும் ஒரே ராஜா. ஆனால் 1949 காசில் சில எழுத்துகளைக் காணோம். போலியா? புளி போட்டு விளக்கிவிட்டு விலை கேட்கலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஐயா, முதலில் புளியைக் கீழே வையுங்கள். என்னிடம் இருந்த 1862 பென்னியை, குத்துவிளக்கு மாதிரி மின்னட்டும் என்று நானும் ஒருநாள் புளி போட்டுத் தேய்த்தேன். நன்றாகவே மின்னியது. வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் காகிதத்தில் மடித்து என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார். காசின் மேல் படிந்த அந்தப் பழுப்புக்குத்தான் மதிப்பு.

இரண்டு ராணியும் ஒருவரேதான். 1860-இல் பென்னி செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியபோது லியனார்ட் வையன் செதுக்கியது கொண்டை போட்ட விக்டோரியா. ராணிக்கு 75 வயதாகும் வரை காசில் அந்தக் கொண்டை கலையவே இல்லை! 1895-இல்தான் தாமஸ் பிராக் முக்காடு போட்டு, உள்ளபடியே முதியவளாகக் காட்டினார். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கையில் சூலத்துடன் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியாவுக்கு 1893-இல் ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், மறுபக்கம் கப்பல். 1900-லும் 1908-லும் இரண்டும் இருக்காது, கடல் மட்டும்தான். 1948-இல் விளக்கம் திரும்பி வந்திருக்கும், கப்பல் வரவில்லை.

இனி காணாமல் போன எழுத்துகள். ஐ-என்-டி, ஐ-எம்-பி என்று ஆறு எழுத்து. 'இந்தியாவின் பேரரசர்' என்பதன் லத்தீன் சுருக்கம். பென்னியில் அது ஏறியதே 1895-இல்தான், உங்கள் 1893-லும் தேடிப் பாருங்கள், இருக்காது. நமக்குச் சுதந்திரம் வந்து பத்து மாதம் கழித்து, 1948 ஜூன் 22 அன்று, ஆறாம் ஜார்ஜ் அந்தப் பட்டத்தை முறைப்படி விட்டார். அடுத்த வருடக் காசிலிருந்து எழுத்தும் போயிற்று. ஆகவே அந்த எழுத்து இல்லாததே சரி. இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஒரு ராஜா இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பது அங்கே வழக்கம். உங்கள் 1908 எட்வர்டு வலம், அவருக்குப் பின் ஐந்தாம் ஜார்ஜ் இடம். எட்டாம் எட்வர்டு மட்டும், தன் இடப்பக்க முகம்தான் அழகு என்று அடம்பிடித்தார். அவர் காசு புழக்கத்துக்கு வருமுன்னே முடி துறந்துவிட்டார். தம்பி ஆறாம் ஜார்ஜ், அண்ணன் வலப்பக்கம் பார்த்ததாகவே பாவித்து, இடப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

விலையா? ஐந்துமே ஏராளமாக அடித்தவை, பெரிதாக ஒன்றும் தேறாது. 1951 பென்னி என்றால் பேச்சே வேறு. மொத்தமே 1 லட்சத்து 20 ஆயிரம்தான். பெட்டியின் அடியில் விரித்திருக்கும் தாளையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.